காயப் பட்டியலில் லைல் டெஸ்மெட்

திங்கட்கிழமை காலை ஏழே காலுக்கு லைல் டெஸ்மெட்டால் காபிக் குடுவையைத் தூக்க முடியவில்லை. வலது கை தோளுக்கு மேல் வர மறுத்தது. கொஞ்சம் வற்புறுத்தினால் தோள்பட்டைக்குள் யாரோ கதவை ஓங்கிச் சாத்துவது போல் இருந்தது. இடது கையால் தூக்கி ஊற்றினான். பாதி கோப்பைக்குள் விழுந்தது, பாதி மேஜைமேல்.

செயின்ட் ஒடில் சாலைத்துறை டிப்போவின் சாப்பாட்டு அறையில் அப்போது நாலைந்து பேர் இருந்தார்கள். பனி விழத் தொடங்கிவிட்டால் இவர்கள் பனி தள்ளும் லாரிகளை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள். நவம்பர் பாதி கடந்தும் பனி வராததால் எல்லாருக்கும் பேச நேரம் இருந்தது. திங்கட்கிழமை என்றால் பேச்சு ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களில் யார் ஜெயித்தார்கள், யாருக்கு எங்கே அடி.

அந்த வாரம் அடிபட்டவர்களின் பட்டியல் நீளமாக இருந்தது. சொந்த அணியான க்ரீன் பேயில் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் ஹாக்ஸ்ட்ராவுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. இரண்டு வாரத்தில் எழுந்துவிடுவான் என்றான் பீட். நாலு வாரம் ஆகும் என்றாள் ட்ரூடி. வயர்லெஸ்ஸில் லாரிகளுக்கு வழி சொல்கிற வேலை அவளுக்கு. முட்டிக்குள் எத்தனை தசைநார் இருக்கிறது, எது கிழிந்தால் எத்தனை மாதம் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். டென்வர்க்காரன் ஒருவனுக்கு முட்டி, மயாமிக்காரன் ஒருவனுக்கு விலா, ஹாக்ஸ்ட்ராவுக்குக் காவல் நிற்கிற தடியனுக்குத் தொடைத் தசை என்று அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தாள்.

அடியை எல்லாம்விடத் தோல்விதான் அறையில் பெரிதாக உட்கார்ந்திருந்தது. அதுவும் சிகாகோவிடம். இந்த விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தவன் எவனிடம் தோற்றாலும் திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடுவான், சிகாகோவிடம் தோற்றால் மட்டும் கொஞ்சம் தாமதமாக வருவான். இரண்டு நிமிடம் மீதி இருந்தது. நம்மவர்கள் இருபதுக்குப் பதினேழு என்று முன்னால் இருந்தார்கள். கோர்டெல் பிரைன் என்கிற சிகாகோக்காரன் பந்தை வாங்கிக்கொண்டு எழுபத்தோரு கஜம் ஓடி, எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டுவிட்டான். ஆட்டம் முடிந்தது.

"உனக்கு என்னப்பா, நீ சந்தோஷமா இருப்பே" என்று ட்ரூடி லைலைப் பார்த்துச் சொன்னாள்.

விஷயம் டிப்போவின் ஃபேன்டஸி லீக் பற்றியது. ஆளுக்குப் பத்துப் பதினைந்து ஆட்டக்காரர்களை, எந்த ஊர் அணியாக இருந்தாலும், தன் பட்டியலில் எழுதிக்கொள்வார்கள். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஓடினால் இவர்களுக்குப் புள்ளி. அந்த வாரம் லைலுக்கும் ட்ரூடிக்கும் போட்டி. லைல் நம்பியிருந்த டென்வர்க்காரன் முட்டி வலியால் ஆடப்போவதில்லை என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்தி வந்தது. அவன் பட்டியலில் மிச்சம் இருந்த ஒரே ஓட்டக்காரன் பிரைன். வேறு வழியில்லாமல் அவனை உள்ளே போட்டான். அந்த எழுபத்தோரு கஜத்தால் ட்ரூடியை நாலு புள்ளியில் ஜெயித்தான்.

"ஐயோ, சந்தோஷமா? நான் அந்த ஓட்டத்தைப் பாக்கவே இல்ல" என்றான் லைல்.

இது பொய். வீட்டு பேஸ்மென்ட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்தான். மனைவி ஜோலீன் ரொட்டிக்கடையில் ஞாயிற்றுக்கிழமை வேலையில் இருந்தாள். பிரைன் ஐம்பது கஜம் தாண்டியபோது லைல் சோபாவை விட்டு எழுந்தான். அறுபதில் கத்தினான். எழுபத்தொன்றில், பிறந்ததிலிருந்து க்ரீன் பே அணிக்காகவே உயிர் வாழ்ந்த அந்த நாற்பத்திரண்டு வயது மனிதன், முஷ்டியை மடக்கி இருந்த இடத்திலிருந்தே மேலே குதித்தான். பேஸ்மென்ட்டின் கூரை தாழ்வு. முஷ்டி உத்தரத்தில் மோதியது, தோள் தன் இடத்தைவிட்டுப் போய்த் திரும்பி வந்தது. வலி வந்த பிறகுதான் எதற்காகக் குதித்தோம் என்பது அவனுக்கு உறைத்தது. டிவியை அணைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினான், வீட்டில் யாரும் இல்லாதபோதும்.

"பாக்கலேன்னா அப்ப என்ன பண்ணிட்டிருந்தே? கையில என்ன?"

"ஏணி சறுக்கிடுச்சு. கூரை ஓரத்துல மழைத்தண்ணி ஓடற தகரத்துல இலை அடைச்சிருந்துச்சு."

பீட் தலை நிமிர்ந்தான். "உன் வீட்டுத் தகரத்துக்கு ஜூலைல நான்தானே வலை போட்டேன். அதுல எப்படி இலை போச்சு?"

லைல் காபியை ஒரு வாய் குடித்தான். அதற்குள் யோசிக்க வேண்டியிருந்தது. "என் வீட்டுல இல்ல. பக்கத்து வீட்டு நோவாக் அம்மாவோடது."

சாப்பாட்டு அறை சற்று நேரம் அவனை மரியாதையாகப் பார்த்தது. சிகாகோ ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் டிவியை விட்டுவிட்டு, தனியாக இருக்கும் ஒரு வயதான பெண்மணியின் கூரையை ஒருவன் துப்புரவு செய்திருக்கிறான். எல்வைரா நோவாக் தன் சர்ச்தான் என்றும், சாயங்காலம் போன் செய்து விசாரிக்கிறேன் என்றும் ட்ரூடி சொன்னாள்.

மதிய இடைவேளையில் லைல் வீட்டுக்குப் போனான். ஏணியை இடது கையால் இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் சாத்தினான். நோவாக் அம்மா முப்பது வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர். கண்ணாடியில் பின்னால் பார்த்தபடியே முன்னால் பேசிப் பழகியவர்.

"என்னப்பா லைல்?"

"தகரத்துல இலை இருக்கும்னு நெனச்சேன். எடுத்துட்டுப் போயிடறேன்."

"அக்டோபர்லயே நான் எடுத்துட்டேனே."

"பரவாயில்ல. சும்மா ஒரு பார்வை பாத்துடறேன்."

இலை ஒன்றுகூட இல்லை. தகரம் கழுவித் துடைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. இறங்கலாம் என்று அவன் காலைக் கீழே வைத்தபோது ஏணி இப்போது நிஜமாகவே சறுக்கியது. பிடிக்கக் கை ஒன்றுதான் இருந்தது, பிடிக்கக் கிடைத்தது தகரம்தான். இருபதடித் தகரம் ஆணிகளோடு பெயர்ந்து, அவனோடு சேர்ந்து மெதுவாக ஜூனிபர் புதரில் வந்து இறங்கியது. புதர் அடர்த்தியானது, அதனால் முதுகில் கீறலோடு தப்பினான்.

நோவாக் அம்மா புதரின் பக்கத்தில் வந்து நின்று, என்ன நடக்கிறது என்று கேட்டார். லைல் முழுக் கதையையும் சொன்னான். புதருக்குள் கிடக்கும்போது பொய் சொல்ல வரவில்லை. ட்ரூடி போன் செய்தால், நேற்று நடந்தது என்று சொல்லிவிடும்படி கெஞ்சினான்.

"பொய் எல்லாம் சொல்ல மாட்டேன்" என்றார் அவர். "கேட்டா, லைல் எங்க வீட்டுத் தகரத்தைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தான்னு சொல்வேன். என்னைக்குன்னு கேட்டாத்தான் அதைச் சொல்வேன்."

ட்ரூடி கேட்கவில்லை. தகரத்தோடு விழுந்தான் என்று கேட்டதே அவளுக்குப் போதுமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை டிப்போவில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. சனிக்கிழமை எல்லாரும் சேர்ந்து நோவாக் அம்மாவின் தகரத்தைத் திரும்பப் பொருத்தப்போகிறார்கள், விருப்பமுள்ளவர்கள் பெயர் எழுதவும். பதினொரு பெயர் எழுதப்பட்டிருந்தது. லைல் வீட்டு வாசலில் மூடிபோட்ட இரண்டு நூடுல்ஸ் பாத்திரங்கள் வந்து காத்திருந்தன.

ஜோலீனுக்கு இது எதுவும் தெரியாது. குளியலறையில் வழுக்கியதாக அவளிடம் அவன் ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருந்தான். ரொட்டி வாங்க வந்த மூன்று பேர் அவளுடைய கணவனின் நல்ல மனதைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். அவள் வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், எந்தக் குளியலறையில் கூரைத் தகரம் இருக்கிறது என்று கேட்டாள். லைல் அவளிடமும் உண்மையைச் சொன்னான்.

அவள் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "அப்பாகிட்ட நீயே சொல்லிடு. ஒரு வாரம் பேச மாட்டார், அவ்வளவுதான்" என்றாள்.

"ஒரு வாரமா? சீட்டு என்ன ஆகும்?"

அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். க்ரீன் பே மைதானத்துக்கு சீசன் டிக்கெட் என்பது கேட்டால் கிடைக்கிற பொருள் இல்லை. பிள்ளை பிறந்த வாரமே காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதிவைப்பார்கள்; அந்தப் பிள்ளைக்குத் தலை நரைத்தும் முறை வந்திருக்காது. அப்பன் மகனுக்கு விட்டுப்போவான். ஜோலீனின் அப்பா நார்பர்ட்டிடம் மைதானத்தின் நட்டநடுவில், ஐம்பது கஜக் கோட்டுக்கு நேராக, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கைகள் இருந்தன. குளிர் தாங்க முடியவில்லை என்று அவர் மனைவி போன வருடம் வருவதை நிறுத்திக்கொண்டாள். அந்த இருக்கையை இப்போது யார் பேருக்காவது மாற்ற வேண்டும். படிவம் வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். ஒன்று மருமகன் லைல், இல்லாவிட்டால் அவருடைய அண்ணன் மகன் கர்ட். கர்ட் தன் வாகனக் கொட்டகைக்கு அணியின் பச்சையும் மஞ்சளும் அடித்திருந்தான். லைலும் பதினேழு வருடமாக ஒரு தப்பு இல்லாமல் இருந்திருக்கிறான்.

நார்பர்ட் ஓய்வுபெற்ற சீஸ் தொழிற்சாலை மேற்பார்வையாளர், வயது எழுபத்து நாலு. ஆட்டத்தை அவர் டிவியில் பார்த்தால் தனியாகத்தான் பார்ப்பார். பக்கத்தில் யாராவது பேசினால் அணிக்கு ஆகாது என்று சொல்லி மனைவியைக்கூடத் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அறையைப் பூட்டிக்கொள்வார். ஃபேன்டஸி லீக் என்ற பேச்சை எடுத்தாலே முகம் சிவந்துவிடும். ஒரு மனிதன் தன் ஊர் அணியைத் தவிர இன்னொருத்தன் ஓடுவதை ஆசைப்பட்டுப் பார்ப்பது ஒழுக்கக்கேடு என்பது அவர் கட்சி. டிப்போ லீக்கில் தான் இருப்பதை லைல் அவரிடம் சொன்னதே இல்லை. லீக் விஷயம் டிப்போ கதவைத் தாண்டக் கூடாது என்பது அங்கே எல்லாரும் ஒத்துக்கொண்ட விதி. பாதிப் பேருக்கு இந்த மாதிரி மாமனார் உண்டு.

அன்று மாலை ஆறு மணிக்கு, சாப்பாட்டு மேஜையில் நூடுல்ஸ் பாத்திரம் திறந்திருக்கும்போது, நார்பர்ட் வந்தார். தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்தார். ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள், தானும் கேள்விப்பட்டேன் என்றார். பாராட்ட வந்தவர்போல் தெரியவில்லை.

"மாப்ளே, ஏணில நீ ஏறினது எந்தக் குவார்ட்டர்ல?"

"கடைசில, நாலாவதுல, மாமா."

"அப்ப ஸ்கோர் என்ன?"

"இருபதுக்குப் பதினேழு."

"நாம மூணு புள்ளி முன்னால. ரெண்டு நிமிஷம் பாக்கி. அந்த நேரத்துல நீ இன்னொருத்தர் கூரையில இலை பொறுக்கிட்டிருந்தே."

லைல் முள்கரண்டியைக் கீழே வைத்தான். இந்தப் பக்கத்திலிருந்து அடி வரும் என்று அவன் நினைத்துப் பார்க்கவே இல்லை. சிகாகோவுக்காகக் குதித்ததை மறைக்கப் போய், ஆட்டத்தையே பார்க்காதவன் ஆகியிருந்தான். நார்பர்ட்டின் கணக்கில் இரண்டாவது குற்றம் முதலாவதைவிட ஒரு நூல்தான் குறைவு.

நார்பர்ட் யோசித்துக்கொண்டே கேட்டார். "ஏணில இருந்தவனுக்கு ஸ்கோர் எப்படித் தெரிஞ்சுது?"

"ரேடியோ" என்றான் லைல். "சட்டைப் பையில ரேடியோ வெச்சிருந்தேன், மாமா. ஒரு வார்த்தை விடாம கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். பிரைன் ஓடறான் ஓடறான்னு அவங்க சொல்றதைக் கேட்டதும் கை தானா விட்டுடுச்சு."

ஜோலீன் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நார்பர்ட் தொப்பியைக் கழற்றினார். பிறகு, வேதனையில் ஏணியிலிருந்து விழுந்தாயா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். லைல் தலையசைத்தான். நார்பர்ட் எழுந்து வந்து அவனுடைய நல்ல தோளில் கை வைத்தார். பதினேழு வருடத்தில் அவர் அவனைத் தொட்டது கல்யாணத்தன்று கை குலுக்கியபோது மட்டும்தான்.

"அந்த இருக்கைல உட்கார வேண்டியவன் நீதான்" என்று சொல்லிவிட்டு, நூடுல்ஸ் ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு, இது நல்லபடியாக முடிந்துவிட்டது என்றான் லைல். ஜோலீன் பாத்திரத்தை மூடிவைத்தாள். அப்பாவுக்கு ஒரு கதை பிடித்துவிட்டால் அதை வீட்டோடு வைத்திருக்க மாட்டார், உனக்குத் தெரியாதா என்று மட்டும் கேட்டாள்.

புதன்கிழமை காலை நார்பர்ட் தன் சீட்டாட்ட மேஜையில் கதையைச் சொன்னார். அந்த மேஜையில் உட்கார்ந்திருந்த ஒருவரின் மருமகள் ஊர் வானொலியில் வேலை செய்கிறாள். மதியம் பன்னிரண்டு மணிக்கு அங்கே ஒரு நிகழ்ச்சி உண்டு. வாரத்து ஆட்டங்களைப் பற்றி இரண்டு பேர் வாக்குவாதம் செய்துவிட்டு, கடைசியில் காயப் பட்டியலை வாசிப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேராக அடுத்த வாரம் ஆடுவாரா, சந்தேகமா, மாட்டாரா என்று சொல்வது வழக்கம். லைல் டிப்போவில் ரொட்டிக்குள் வைத்த சாசேஜைக் கடித்துக்கொண்டிருந்தான். வானொலி ஓடிக்கொண்டிருந்தது.

"ஹாக்ஸ்ட்ரா, கணுக்கால், ஆட மாட்டார்" என்று வாசித்துக்கொண்டு வந்த குரல் ஒரு கணம் நின்றது. "லைல் டெஸ்மெட், செயின்ட் ஒடில் சாலைத்துறை. தோள். பிரைன் ஓடியதை ரேடியோவில் கேட்டு மனம் தாங்காமல் ஏணியிலிருந்து விழுந்தவர். சந்தேகம்."

சாப்பாட்டு அறையில் எல்லாரும் கை தட்டினார்கள். ட்ரூடி மட்டும் தட்டவில்லை. திங்கட்கிழமை இவன் அந்த ஓட்டத்தைப் பார்க்கவே இல்லை என்றுதான் சொன்னான், சரி, ஆனால் ரேடியோ என்று ஒரு சொல்கூடச் சொல்லவில்லையே என்று அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். லைல் சாசேஜில் கவனமாக இருந்தான்.

அன்று பிற்பகல் நோவாக் அம்மா வீட்டு வாசலில் கார்கள் நிற்கத் தொடங்கின. தகரம் கிடந்த இடத்தைப் பார்க்க வந்தவர்கள். இரண்டு பேர் படம் எடுத்துக்கொண்டார்கள். அவர் கதவைத் திறந்து, ஆமாம், பிடித்துக்கொண்டு விழுந்தான் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். யாரும் நாளைக் கேட்கவில்லை. மாலையில் வேலிக்கு மேலாக லைலைக் கூப்பிட்டு, இன்னும் ஒரே ஒரு கார் வந்தால் தானே வானொலிக்குப் போன் செய்து கிழமையைச் சொல்லிவிடுவேன் என்று அறிவித்தார்.

வியாழக்கிழமை காலை டிப்போ மேலாளர் ஹார்லன் அவனைத் தன் அறைக்கு அழைத்தார். வெள்ளிக்கிழமை எட்டு அங்குலம் பனி விழப்போவதாக முன்னறிவிப்பு. முதல் பனிக்கு வண்டி எடுப்பது லைலுக்கு ஒரு பெருமை. மாவட்டத்திலேயே நீளமான வழி அவனுடையது.

"ரேடியோவுல உன்னை சந்தேகம்னு சொல்லிட்டாங்க" என்றார் ஹார்லன். "டாக்டர் எழுதிக் குடுக்காம லாரிச் சாவி தர மாட்டேன்."

"அது தமாஷுக்குச் சொன்னது, சார்."

"இருக்கலாம். ஆனா ஊரே கேட்டிருக்கு. நீ வழில எங்கயாவது மோதினா, சந்தேகம்னு தெரிஞ்சும் அனுப்பினான்னு என்னைச் சொல்வாங்க. கையத் தூக்கு பாக்கலாம்."

லைல் தூக்கினான். மார்பு வரை வந்தது.

மூன்று மணிக்குக் கிளினிக்கில் நேரம் கிடைத்தது. தானே போய்விட்டு வந்துவிடலாம் என்று நினைத்திருந்தான். ஆனால் ஒரு கையால் வண்டி ஓட்டக் கூடாது என்று நார்பர்ட் இரண்டரைக்கே வாசலில் வந்து நின்றார். வழி முழுக்க, இருக்கையில் உட்கார்ந்தால் எந்தப் பக்கக் காற்று அடிக்கும், எத்தனை சோடி சாக்ஸ் போட வேண்டும், முன்வரிசைக்காரர் எழுந்து நின்றால் எப்படிச் சொல்லி உட்கார வைப்பது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தார். படிவம் அவர் கோட்டுப் பையில் இருந்தது. டாக்டரைப் பார்த்துவிட்டு இங்கேயே நிரப்பி, வழியில் தபாலில் சேர்த்துவிடலாம் என்றார்.

டாக்டர் அழைத்தபோது நார்பர்ட்டும் கூடவே எழுந்தார். மாமனார்தானே என்று யாரும் தடுக்கவில்லை. லைலுக்கும் தடுக்க ஒரு காரணம் தோன்றவில்லை.

டாக்டர் ஹேகன் அதிகம் பேசாத பெண்மணி. தோளை அழுத்திப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்து வரச் சொல்லி விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு லைலின் வலது கையைத் தன் கையில் எடுத்து, முன்னும் பின்னும் திருப்பினார்.

"ஏணிலேர்ந்து விழுந்தீங்கன்னு எழுதியிருக்கு."

"ஆமா."

"மனவேதனைல" என்று நார்பர்ட் சேர்த்துச் சொன்னார்.

"விழறவங்க கையை ஊனுவாங்க. உள்ளங்கை கிழிஞ்சிருக்கும். உங்களுக்கு இந்த உள்ளங்கை சுத்தமா இருக்கு, விரல் முட்டி நாலும் கன்னிப் போயிருக்கு." டாக்டர் கையை விட்டார். "இது கீழ விழுந்த அடி இல்ல. மேல குத்தின அடி. எதைக் குத்தினீங்க?"

லைல் சுவரில் மாட்டியிருந்த எலும்புப் படத்தைப் பார்த்தான். மாமனாரைப் பார்த்தான். அவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, நல்ல பதில் வரும் என்ற நம்பிக்கையோடு உட்கார்ந்திருந்தார். நாலு நாளில் லைல் எத்தனை கதைகள் சொல்லியிருப்பான், ஒவ்வொன்றும் கேட்ட உடனே வந்து நின்றது. இப்போது ஒன்றும் வரவில்லை.

"உத்தரத்தை" என்றான்.

"எதுக்கு?"

"சந்தோஷத்துல."

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. டிப்போ லீக், டென்வர்க்காரன் முட்டி, பேஸ்மென்ட், எழுபத்தோரு கஜம், நோவாக் அம்மா, புதர் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி முடித்தான். டாக்டர் ஹேகன் குறிப்பெழுதுவதை நடுவிலேயே நிறுத்திவிட்டார். தசை லேசாகக் கிழிந்திருக்கிறது, மூன்று வாரம் லாரி ஓட்டக் கூடாது, காகிதத்தை வெளியே வரவேற்பு மேஜையில் பெவ் தருவாள் என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் அவசரமாகவே அறையை விட்டுப் போனார். நடைபாதையில் அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

நார்பர்ட் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரைனை எத்தனை மணிக்கு உள்ள போட்டே?" என்று கேட்டார்.

"ஆட்டம் தொடங்க நாப்பது நிமிஷம் இருக்கறப்ப, மாமா."

"டென்வர்க்காரன் ஆடலேன்னு தெரிஞ்சப்பறமா?"

"ஆமா. வேற ஆள் இல்ல."

நார்பர்ட் மெதுவாகத் தலையாட்டினார். எழுந்து வெளியே நடந்தார், லைல் பின்னால் போனான். காத்திருக்கும் அறையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் லைலைப் பார்த்து, ரேடியோவில் கேட்டேன், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். லைல் நன்றி சொன்னான்.

நார்பர்ட் மூலை நாற்காலியில் உட்கார்ந்து கோட்டுப் பையிலிருந்து படிவத்தை எடுத்தார். மடிப்பை நீவிவிட்டார்.

"தோத்துப்போற அணியைத் திட்டலாம்" என்றார், யாருக்கும் கேட்காதபடி. "டிவியை உடைக்கலாம். நானே ஒரு வருஷம் உடைச்சிருக்கேன். ஆனா நம்ம பசங்க தோக்கற நிமிஷத்துல நீ குதிச்சிருக்கே. ஊர் முழுக்க நான் போய் உன்னைப் பத்திச் சொல்லிட்டு வந்திருக்கேன், சீட்டாட்ட மேஜைல ஒருத்தன் கண்ணைத் துடைச்சுக்கிட்டான். அவன் முகத்துல இனிமே நான் எப்படி முழிக்கறது?"

மன்னிச்சிடுங்க மாமா என்றான் லைல். எட்டு அங்குலப் பனியும் போயிற்று, இருக்கையும் போயிற்று. சனிக்கிழமை பதினொரு பேர் ஏணியோடு வருவார்கள், அவர்களிடமும் சொல்லியாக வேண்டும். ஆச்சரியம் என்னவென்றால், நாலு நாளில் முதல் முறையாகத் தோள் அவ்வளவாக வலிக்கவில்லை.

நார்பர்ட் வரவேற்பு மேஜைக்குப் போய் பெவ்விடம் பேனா கேட்டார். பெவ் கொழுகொழுவென்று, எதற்கும் பதறாத பெண். கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே பேனாவை நீட்டினாள். நார்பர்ட் படிவத்தை மேஜை விளிம்பில் வைத்து, பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் கர்ட் என்பதன் முதல் எழுத்தை எழுதினார். இரண்டாவது எழுத்தை எழுதினார்.

பெவ் லைலின் காகிதத்தை அச்சு எடுத்து நீட்டிவிட்டு, அப்போதுதான் எதிரே நிற்பவர் யார் என்று பார்த்து, முகம் மலர்ந்து சொன்னாள்:

"நார்பர்ட், சர்ச் ஃபேன்டஸி லீக்ல உங்ககிட்ட நாலு புள்ளில தோத்ததுலேர்ந்து எங்க வீட்டுக்காரர் சாப்பிடவே மாட்டேங்கறார், கடைசி நிமிஷத்துல பிரைனை உள்ள போட்டீங்களாமே, எப்படிங்க உங்களுக்கு அந்த யோசனை வந்துச்சு?"